ஏ, பி, விபூதி

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தைகள் மொத்தம் இருபத்திரண்டு. இருபத்திரண்டும் ஏ, பி என்ற இரண்டு எழுத்தில்தான் தொடங்கும். டிக்‌ஷனரியை மனப்பாடம் செய்வதென்று ஏழு முறை முடிவெடுத்தேன். ஏழு முறையும் முதல் பக்கத்திலிருந்தே ஆரம்பித்தேன். பத்து நிமிஷம் ஒரே இடத்தில் உட்கார முடியாத ஜென்மம் நான். (இந்தப் பத்தியை எழுதுவதற்குள் இரண்டு தடவை எழுந்துபோய் ஃபேனை ஒரு தடவை குறைத்தும் ஒரு தடவை கூட்டியும் வைத்துவிட்டு வந்தேன்.) பி-யைத் தாண்டுவதற்குள் கால் தானாகத் தெருவுக்குப் போய்விடும்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், பைபாஸ் ரோட்டில் ஒரு டிராவல்ஸ் கம்பெனியில் இன்டர்வியூ. பயணிகளோடு இங்கிலீஷில் பேச ஆள் தேவையாம். எனக்கு அது ஐந்தாவது இன்டர்வியூ.

“இதுவும் கிடைக்கலேன்னா திங்கக்கிழமை கடைக்கு வந்துரணும்டா” என்று சித்தப்பா சொல்லியிருந்தார். அவனியாபுரத்தில் அவருக்குப் பெயிண்ட் கடை. காலையிலிருந்து ராத்திரி வரை ஒரே ஸ்டூல், ஒரே சுவர். எனக்கு அது ஆயுள் தண்டனை.

எங்கள் வில்லாபுரம் வீட்டில் கிழித்த காலண்டர் தாளை யாரும் வீணாக்க மாட்டோம். மளிகைக் கணக்கிலிருந்து என் இங்கிலீஷ் வரை எல்லாம் அதன் பின்பக்கம்தான். இருபத்திரண்டு வார்த்தைகளையும் அர்த்தத்தோடு ஒரு தாளில் நெருக்கி எழுதி, கதவில் தொங்கிய சட்டையின் பையில் வைத்துவிட்டு, மொட்டை மாடிக்குப் போய் நடந்துகொண்டே ஒப்பித்தேன். அபாண்டன், கைவிடுதல். அபேட், தணிதல். அபண்டன்ட், ஏராளம். அப்ஸ்காண்ட், தலைமறைவாதல்.

அதற்குள் திருப்பரங்குன்றம் போய்விட்டு வந்த அம்மா கீழேயிருந்து குரல் கொடுத்தாள். “டேய், விபூதியச் சட்டைப் பையில வச்சிருக்கேன். உள்ள போகும்போது பூசிட்டுப் போ.”

“சரி சரி” என்றேன். அவள் சொன்னது அப்போது காதில் ஏறியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

பஸ்ஸில் ஆறு தடவை பையைத் தொட்டுப் பார்த்தேன். தாள் இருந்தது. கொஞ்சம் தடிமனாக இருந்தது. அம்புட்டு வார்த்தையா படித்துவிட்டோம் என்று எனக்கே பெருமையாகிவிட்டது.

இன்டர்வியூ அறையில் மேனேஜரும் ஹெச்.ஆர். மேடமும் இருந்தார்கள். தலைக்கு மேல் ஃபேன் முழு வேகத்தில் சுற்றியது. இந்த வேலைக்கு ஏன் வருகிறாய் என்று மேனேஜர் இங்கிலீஷில் கேட்டார். “சார், ஐ ஹேவ் அபண்டன்ட் இன்ட்ரஸ்ட்” என்றேன். அவர் புருவம் உயர்ந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்து, பஸ் லேட் என்று பயணி கத்தினால் என்ன செய்வாய் என்றார். கோபத்தைத் தணிப்பேன் என்று சொல்ல வேண்டும். தணிதலுக்கு வார்த்தை தெரியும், காலையில் கூடச் சொன்னேன், ஆனால் வரவில்லை. மேஜைக்கு அடியில் கால் தந்தியடித்தது. மெதுவாகப் பையிலிருந்து தாளை எடுத்து, மடியில் வைத்துப் பிரித்தேன். மடிப்பு மேல் மடிப்பு. நான் இப்படி மடிக்கவில்லையே என்று தோன்றியபோதே நிறுத்தியிருக்க வேண்டும். பொறுமை இல்லாமல் ஒரு உதறு உதறினேன்.

கைப்பிடி விபூதி மேலே கிளம்பியது. மீதியை ஃபேன் பார்த்துக்கொண்டது. மேடம் இருமினார். லேப்டாப் வெளுத்துப் போனது. மேனேஜர் நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணைச் சுற்றி மட்டும்தான் மனிதர் பழைய நிறத்தில் இருந்தார்.

“எந்தக் கோயில் தம்பி?” என்று தமிழில் கேட்டார்.

மடிக்கக் காகிதம் தேடிய அம்மா, சட்டைப் பையிலிருந்த தாளையே எடுத்து மடித்து, அதே பையில் வைத்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. மேடம் மேஜை மேல் விழுந்த தாளை எடுத்துச் சத்தமாகப் படித்தார். “அப்ஸ்காண்ட், தலைமறைவாதல்.”

நான் கதவைப் பார்த்தேன். அடுத்த நிமிஷம் பைபாஸ் ரோட்டில் இருந்தேன்.

பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோதுதான் சர்ட்டிபிகேட் ஃபைல் ஞாபகம் வந்தது. எல்லாம் ஒரிஜினல். திரும்பிப் போகக் கால் வரவில்லை. (மற்ற எல்லா இடத்துக்கும் போகிற கால்.) வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கத்தினேன். “உன்னை யாரு மடிக்கச் சொன்னா? ஃபைலும் அங்கயே கெடக்கு. என் வாழ்க்கையே போச்சு.” அவள் என் தலையில் ஒட்டியிருந்த விபூதியைத் தட்டிவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். விபூதி பறந்ததை நினைத்தால் இன்று சிரிப்பு வருகிறது. அந்தக் கத்தலை நினைத்தால் கூசுகிறது.

மறுநாள் என்னிடம் சொல்லாமலே பஸ் ஏறிப் போய் ஃபைலை வாங்கி வந்தாள். “அந்த சாரு நல்ல மனுஷன்டா. பாதிப் பதில்ல ஓடிட்டான், மீதியச் சொல்ல இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள வரச் சொல்லுங்கன்னாரு. அந்தப் பொண்ணுதான் பேப்பரக் காட்டி, உங்க பையன் அப்ஸ்காண்டுன்னு சிரிச்சுச்சு” என்றாள். அன்று மாலைக்குள் போயிருந்தால் போதும். வெட்கத்தில் போகவில்லை. திங்கட்கிழமை ஸ்டூலில் உட்கார்ந்தவன், பன்னிரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மாவுக்கு அந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தை ஒட்டிக்கொண்டது. பால் வாங்கப் போனவன் லேட்டானால் அப்ஸ்காண்டு. பூனையைக் காணோமென்றால் அப்ஸ்காண்டு.

போன மாதம் என் மகளுக்கு எல்.கே.ஜி. இன்டர்வியூ. கேள்வி பெற்றோருக்கும் உண்டாம். அம்மா எனக்கு விபூதியை நேராக நெற்றியில் பூசினாள். மருமகளிடம் சட்டைப் பையைத் தடவிப் பார்க்கச் சொன்னாள். பள்ளி வராந்தாவில் காத்திருந்தபோது மகள் ஏ முதல் இசட் வரை தங்குதடையின்றிச் சொன்னாள். என்னைவிட இருபத்துநாலு எழுத்து முன்னால் இருக்கிறாள். என் கால் ஆட ஆரம்பித்திருந்தது.

எங்கள் பெயரைக் கூப்பிட்டதும், அம்மா எங்களைப் படி தாண்டவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்து அறை வாசலை மறித்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“தாராளமா உள்ள போங்க” என்றாள் என் மனைவியிடம். “இந்தத் தடவை நான் பாத்துக்கிறேன்.”