உயிரோடிருக்கும் சில்வாவின் அநாதை மகள்

மகா கனம் பொருந்திய மிசிசிப்பி மாநில கவர்னர் ஐயா அவர்கள் சமூகத்துக்கு, கிராட்டன் ஊருக்கு வெளியே பேஸ்கம் துரை பண்ணையிலிருந்து ஐசம் எழுதிக்கொண்டது. இவ்விடம் நான் சுகம். தாங்களும் வீட்டம்மாளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் அம்மா சில்வாவும் சுகம்தான். ஆனால் கிறிஸ்துமஸுக்கு முன்னால் இந்த ஜில்லா கோர்ட்டு அவளைச் சாகடித்துவிட்டது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கடிதத்தை இப்படிச் சுகம் விசாரித்துத்தான் தொடங்க வேண்டும் என்று வடக்கேயிருந்து வந்த டீச்சரம்மா சொல்லிக்கொடுத்தார். முடிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுப்பதற்குள் நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டேன். எழுத்து வந்தது, பெஞ்சில் உட்காருவது வரவில்லை. அதனால் முடிவு கொஞ்சம் முன்னேபின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

என்னைத் தங்களுக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். வடக்குக்கும் தெற்குக்கும் நடந்த சண்டைக் காலத்தில் தங்கள் நாற்காலியில் இருந்தவருக்கு பேஸ்கம் துரை மாதம் தவறாமல் கடிதம் போடுவார். உப்பு இல்லை, கோவேறு கழுதைகளைப் பட்டாளம் ஓட்டிப்போய்விட்டது என்று எழுதுவார். அந்தக் கடிதக் கட்டுக்குள் தேடினால் நானும் கிடைப்பேன். விக்ஸ்பர்க்கில் கோட்டைக்கு மண் வெட்ட அரசாங்கம் என்னை இரவல் வாங்கிப்போய், வேலை முடிந்ததும் திருப்பி அனுப்பியது. "கொடுத்தது திடமான பையன், வந்து சேர்ந்தது வெறும் இருமல், என் நஷ்டத்துக்கு யார் பொறுப்பு?" என்று துரை எழுதினார். மிகவும் வருந்துகிறோம் என்று பதிலும் வந்தது. அதைத் துரை சாப்பாட்டு மேசையில் உரக்கப் படித்தார். பின்னால் நின்று ஈ ஓட்டிக்கொண்டிருந்தவன் நான்தான். இருமியது நான், வருத்தம் அவருக்குப் போனது. பரவாயில்லை. அந்த ஆபீசில் கடிதத்தைப் பிரித்துப் படிக்கிற ஆள் ஒருவர் இருக்கிறார் என்று அன்றைக்கே தெரிந்துகொண்டேன்.

இப்போது விஷயம். என் தங்கை லெத்தாவுக்குப் பதினொரு வயசு. விடுதலை வந்ததும் அம்மா எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு பேஸ்கம் பண்ணையை விட்டுக் கிளம்பி, கிராட்டனில் தங்கியிருக்கும் வடக்கத்துக் கறுப்புப் பட்டாளத்துக்குத் துணி வெளுத்துப் பிழைத்துவந்தாள். ஆதரவில்லாத கறுப்புப் பிள்ளைகளைத் தொழில் பழக யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும் என்றும், அதில் பழைய எஜமானுக்கே முதல் உரிமை என்றும் தாங்கள் எல்லோரும் கூடி ஒரு சட்டம் போட்டீர்களே, அது எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்த வேகத்தில் எந்தத் தபாலும் வந்ததில்லை. ஒரு காலை ஷெரீப்பின் ஆள் வந்து, வெள்ளாவிப் பானைக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்த லெத்தாவைக் கோர்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். ஈரக்கையோடு அம்மா பின்னால் ஓடினாள், அவள் பின்னால் நான். அங்கே ஜட்ஜ் பிக்கெட் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"இந்தப் புள்ளைக்கு அப்பன் எங்க?"

"டெக்சஸுக்கு வித்துட்டாங்கய்யா," என்றாள் அம்மா.

"யாரு வித்தது?"

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பேஸ்கம் துரையை அம்மா கைகாட்டினாள். அவர் எச்சில் பாத்திரத்தைப் பார்த்துப் புகையிலை துப்பினார்.

"அப்பன் கிடையாது. எழுதிக்கோ," என்றார் ஜட்ஜ் குமாஸ்தாவிடம். "ஆத்தா?"

"நான்தாங்கய்யா."

"நிலம் வச்சிருக்கியா?"

"இல்லீங்கய்யா. துணி வெளுக்கறேன். பட்டாளத்துக் கூடாரத்துக்குப் பின்னால ஒரு குடிசை போட்டிருக்கேன்."

"அப்போ ஆதரவு இல்ல. அநாதைன்னு எழுதிக்கோ."

"ஐயா, நான் இங்கதான நிக்கிறேன்!"

"நிக்கிறத யாரு இல்லேன்னா? கொஞ்சம் ஓரமா நில்லு. அடுத்த கேஸு வரணும்."

கவர்னர் ஐயா, என் அம்மா செத்துப்போனதை நான் கண்ணால் பார்த்தேன். செத்த கையோடு அவள் கூடாரத்துக்குப் போய் மிச்சத் துணியையும் வெளுத்தாள், ஏனென்றால் சார்ஜென்ட்டுக்குச் சட்டை மறுநாள் வேண்டுமாம். லெத்தா பேஸ்கம் துரை வீட்டுக்குப் போய்விட்டாள். பதினெட்டு வயது வரைக்கும் அங்கே தொழில் பழக வேண்டும். தொழில் என்னவென்றால், துரைசானி ராத்திரி உபயோகித்த சட்டியைக் காலையில் கொண்டுபோய்க் கொட்டிக் கழுவி வைப்பது. இதைக் கற்றுக்கொள்ள ஏழு வருஷம் ஆகும் என்று சட்டம் நினைக்கிறது. சுணங்கினால் அடிக்கவும் அதே சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. அந்த ஒரு தொழிலைத் துரைசானிக்கு யாரும் பழக்க வேண்டியதில்லை. லெத்தாவின் காதுக்குப் பின்னால் வீங்கியிருப்பதை ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பார்த்தேன்.

சும்மா இருக்கவில்லை. விடுதலையானவர்களுக்காகப் பட்டாளம் திறந்து வைத்திருக்கிற ஆபீசுக்குப் போனேன். அங்கே ஒரு கேப்டன், நல்ல மனுஷன், காய்ச்சல்காரர், போர்வையைப் போர்த்திக்கொண்டு அடுப்பைக் கட்டிப்பிடித்தபடி, "இது அநியாயம்ப்பா, ரொம்ப அநியாயம்," என்றார். "அப்போ ஒரு வார்த்தை எழுதித் தாங்கய்யா," என்றேன். "கோர்ட்டு விவகாரத்துல நான் கைவைக்கக் கூடாது. ஜட்ஜையே பாரு," என்றார். ஜட்ஜைப் பார்த்தேன். "ஓ, கேப்டன் அனுப்பினாரா? அப்ப கேப்டன்கிட்டயே போய்க் கேளு. இப்பல்லாம் அவங்க ராஜ்ஜியம்தான," என்றார். திரும்பவும் கேப்டன். திரும்பவும் ஜட்ஜ். நடுவில் ஒரு நாள் கேப்டனின் காய்ச்சலுக்கு நான்தான் டாக்டரைக் கூப்பிடப் போனேன். அம்மா என் செருப்பைப் பார்த்துவிட்டு, "அலைஞ்சது போதும்டா. அவனுங்க ரெண்டு பேரும் சேந்து உன்னைப் பந்தாடறானுங்க," என்றாள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பழி முழுக்க என்னுடையது.

கிறிஸ்துமஸ் காலையில் யார் முதலில் "கிறிஸ்துமஸ் பரிசு!" என்று கத்துகிறாரோ அவருக்கு எதிராளி பரிசு கொடுத்தாக வேண்டும். தங்கள் வீட்டிலும் இந்த விளையாட்டு உண்டு என்று நினைக்கிறேன். பேஸ்கம் துரைக்கு இதில் தனிப் பெருமை. என்னை ஜெயித்தவன் வெறுங்கையோடு போனதில்லை என்று ஜில்லா பூராவும் சொல்லிக்கொண்டு திரிவார். உண்மைதான். அடிமைக் காலத்தில் நாங்கள் கதவுக்குப் பின்னாலும் தூணுக்குப் பின்னாலும் ஒளிந்து நிற்போம். ஒரு வருஷம் என் அப்பா ஜெயித்து, துரை தலையிலிருந்த தொப்பியையே வாங்கினார். அடுத்த வசந்தத்தில் துரை அப்பாவை விற்றார். ஆனால் தொப்பியைத் திருப்பிக் கேட்கவில்லை. அப்பா அதைப் போட்டுக்கொண்டுதான் போனார்.

ஆகவே கிறிஸ்துமஸ் விடியலில் துரை வீட்டுத் தாழ்வாரப் படிக்கட்டுக்கு அடியில் போய்ப் புகுந்தேன். எனக்கு முன்பே அங்கே வேட்டை நாய் ஒன்று படுத்திருந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் சூடாக வைத்துக்கொண்டோம். உள்ளே விருந்தாளிகளின் சிரிப்பு கேட்டது. கதவு திறந்தது, துரையின் பூட்ஸ் தலைக்கு மேலே நடந்தது, முதல் படியில் கால் வைத்ததும் வெளியே பாய்ந்து அடித்தொண்டையில் கத்தினேன். துரை கோப்பையில் முட்டை, பால், விஸ்கி அடித்துக் கலந்து வைத்திருந்தது எல்லாம் அவர் சட்டையில்.

"புடிச்சிட்டான்டா பய!" என்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார். விருந்தாளிகள் எல்லோரும் தாழ்வாரத்துக்கு வந்துவிட்டார்கள். அவர்களில் ஜட்ஜ் பிக்கெட்டும் இருந்தார், மீசையில் நுரையோடு. "நாங்கூட நீ பெரிய மனுஷன் ஆயிட்டே, இந்தப் பக்கமே வரமாட்டேன்னு நெனச்சேன்," என்றார் துரை. "சொல்றா, என்ன வேணும்? புகையிலையா? ஒரு துண்டு பன்றித்தொடையா?"

"லெத்தா வேணும் துரை."

சிரிப்பு அப்படியே நின்றது. ஜன்னலுக்குள் லெத்தா கையில் தட்டோடு நிற்பது தெரிந்தது.

"வேற கேளு."

"நீங்க ஒருத்தருக்கும் இல்லேன்னு சொன்னதில்லையாமே துரை? ஊரே சொல்லுது."

"கொடுத்துடுங்க பேஸ்கம்," என்றார் விருந்தாளி ஒருவர், கோப்பையைத் தூக்கி. "மாட்டிக்கிட்டீங்க!" ஜட்ஜ்தான் முதலில் கைதட்டினார். துரையின் கழுத்து சிவந்தது, பிறகு காது. அத்தனை பேர் பார்க்கும்போது அவரால் பின்வாங்க முடியவில்லை. "கூட்டிட்டுத் தொலைடா," என்றார். லெத்தா முன்வாசல் வழியாக, பெரிய கதவு வழியாகவே வெளியே வந்தாள், இருவரும் கிளம்பினோம். வழியெல்லாம் லெத்தா, "நெசமாவா அண்ணே? நெசமாவா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். விளையாட்டு என்றால் விளையாட்டுதான், வாக்கு என்றால் வாக்குதான் என்று பெரிய சட்ட நிபுணன் மாதிரி அவளுக்கு விளக்கினேன். அம்மா அவளைப் பார்த்ததும் பக்கத்தில் இழுத்துக் காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்தாள்.

பொழுது சாய்வதற்குள் ஷெரீப்பின் ஆட்கள் வந்துவிட்டார்கள். கிறிஸ்துமஸுக்குக் கறுப்பர்கள் கிளர்ச்சி செய்யப் போகிறார்கள் என்று வதந்தியாம். துப்பாக்கி தேட வந்தவர்களுக்கு எங்கள் குடிசையில் கிடைத்தது துணி அடிக்கும் கட்டையும் லெத்தாவும்தான். லெத்தாவைத் துரை வீட்டிலேயே திரும்ப விட்டுவிட்டு, ஒப்படைத்த பிள்ளையை எஜமானிடமிருந்து ஆசைகாட்டி இழுத்த குற்றத்துக்கு என்னைக் கட்டிக் கொண்டுபோனார்கள். அதற்கும் ஒரு சட்டம் இருக்கிறது. தாங்கள் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. மறுநாள் கோர்ட்டில் அதே ஜட்ஜ் பிக்கெட்.

"ஐயா, நீங்களே அங்க இருந்தீங்களே! நீங்கதான மொதல்ல கைதட்டுனீங்க!"

"நான் பார்த்தேன்தான்," என்றார் அவர், கொஞ்சம்கூடக் கூச்சப்படாமல். "ஆனா கோர்ட்டு பாக்கல."

அபராதம் போட்டார். கட்ட வழியில்லை. அபராதத்தைக் கட்டுகிறவருக்கு என் உழைப்பு சொந்தம் என்று கோர்ட்டு வாசல் படிக்கட்டில் நிறுத்தி ஏலம் கூவினார்கள். அந்தப் படிக்கட்டில் முன்பு எங்களை நிறுத்தி என்ன கூவினார்கள் என்று தங்களுக்கே தெரியும். கட்டியவர் பேஸ்கம் துரை. "பரிசு கேட்டியே, இந்தா, தங்கச்சி பக்கத்துலயே இரு," என்றார். அவருக்கு நகைச்சுவை உண்டு, அதை நான் மறுக்கவில்லை.

இப்போது நான் கழுதைக் கொட்டகையில் இருக்கிறேன், லெத்தா வீட்டுக்குள் இருக்கிறாள். காலையில் சட்டியோடு என்னைக் கடந்து போகும்போது, "பெரிய ஆளு வந்துட்டாரு காப்பாத்த," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறாள். நேற்று அதுவும் சொல்லவில்லை. உதடு கிழிந்திருந்தது.

ஆகவே ஐயா, கேட்பது ஒன்றுதான். சில்வா உயிரோடு இருக்கிறாள், அவள் மகளை அவளிடம் விடு என்று தங்கள் கையால் ஒரு வரி. என் அபராதத்தை நான் உழைத்துக் கழித்துக்கொள்கிறேன், அதில் எனக்கு வழக்கில்லை. சீக்கிரம் வேண்டும். பட்டாளம் இந்த மாசக் கடைசியில் ஊரைக் காலி செய்கிறது. பட்டாளம் போனால் அம்மாவுக்கு வெளுக்கத் துணி இல்லை, வேலை இல்லாத கறுப்பர் தங்கள் சட்டப்படி நாடோடி, நாடோடியைப் பிடித்து யாருக்கு வேண்டுமானாலும் ஏலம் கூவலாம். அவளையும் பேஸ்கம் துரையே எடுத்தால் குடும்பம் ஒன்றாகச் சேர்ந்துவிடும்தான், ஆனால் நாங்கள் கேட்டது அப்படியல்ல.

தங்கள் வீட்டம்மாளுக்கும் பிள்ளைகளுக்கும் என் மரியாதை. தங்கள் பிள்ளைகளை யாரும் அநாதை என்று எழுதாமல் கடவுள் காக்கட்டும். கீழே "தங்கள் பணிவான அடிமை" என்று போட வேண்டுமாம், துரை அப்படித்தான் போடுவார். அவருக்கு அது ஒரு மரியாதைச் சொல். எனக்கு அது போன வருஷம் வரைக்கும் பார்த்த வேலை, ஆகவே வெறுமனே,

ஐசம்.

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடவும். தாங்கள் எழுத வேண்டிய வரி இனி தேவைப்படாது. இந்தக் கடிதத்தை ஊருக்கு எடுத்துப்போக ஆள் கிடைக்காமல் சட்டைக்குள் வைத்திருந்தேன், அதற்குள் பட்டாளம் சொன்ன நாளுக்கு முன்பே கிளம்பிவிட்டது. அன்று காலையில் பார்த்தால் லெத்தா வீட்டில் இல்லை. அம்மாவின் குடிசையும் காலி. எப்படி என்று துரை கேட்டார், நான் தூங்கிக்கொண்டிருந்தேன் என்றேன். எங்கே என்று கேட்டு நன்றாகவே அடித்தார், எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான். தங்களுக்கும் அதே பதில், தூங்கிக்கொண்டிருந்தேன். எங்கே போனார்கள் என்பது நிஜமாகவே எனக்குத் தெரியாது. அன்று ராத்திரி கொட்டகைப் பக்கம் வந்து அம்மா சொல்ல வாயெடுத்தாள், வேண்டாம் என்று நான்தான் அவள் வாயைப் பொத்தினேன். தெரிந்திருந்தால் மூன்றாவது அடியிலேயே சொல்லியிருப்பேன், அவ்வளவுதான் என் தைரியம். வடக்கா மேற்கா, எந்த ஊர், என்ன பெயரில் இருக்கிறார்கள், ஒன்றும் தெரியாது. இங்கிருந்து நான் வெளியே வந்தாலும் யாரிடம் போய்க் கேட்பது என்றும் தெரியாது. ஆகவே பதில் போடுவதானால் பேஸ்கம் துரைக்கே போடுங்கள். வருந்துகிறோம் என்று எழுதுங்கள், இந்தத் தடவை அவருக்கு அது பொருந்தும்.