மாமனாரை இறக்கியும் ஏறாத கார்

கார் வாங்கப்போகிறேன் என்று ஒரு தமிழனிடம் சொன்னால் உடனே இரண்டு கேள்விகள் வரும். மைலேஜ் எவ்வளவு? புல்லிங் எப்படி? வளைகுடாவுக்கு வந்துவிட்டால் முதல் கேள்வி கொஞ்சம் மங்கிவிடும். (பெட்ரோல் விலையைப் பற்றி இங்கேயும் புலம்புவோம், ஆனால் ஊர்க்காரர்கள் காதில் விழாமல் புலம்ப வேண்டும்.) புல்லிங் மட்டும் விடாது. அதாவது மேட்டில், வண்டி நிறைய ஆள் இருக்கும்போது, மூச்சு வாங்காமல் இழுக்கிறதா என்பது. இந்த விஷயத்தில் நான் பெரிய நிபுணன் என்று ஷார்ஜா முவைலாவில் எங்கள் கட்டடம் முழுக்க ஒரு பேச்சு இருந்தது. அதைக் கிளப்பியவனும் பரப்பியவனும் நான்தான்.

அப்போது எங்களிடம் ஒரு சின்ன கார் இருந்தது. நானும் என் மனைவி செல்வியும் போக அது போதும். திருநெல்வேலியிலிருந்து அவளுடைய அப்பாவும் அம்மாவும் விசிட்டில் வந்தபோதுதான் சிக்கல். மாமாவுக்கு முட்டிவலி. பின் சீட்டில் அவரை மடக்கி உள்ளே வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். வெளியே எடுப்பது அதைவிடக் கஷ்டம். மாமா குறை சொல்லமாட்டார். "எங்கயும் போவாண்டாம் மாப்ள, ரூம்லயே டிவி பாக்கேன்" என்பார். அதைக் கேட்டால் செல்வியின் முகம் வாடிவிடும்.

கீழ் மாடியில் ஜெரால்டு அண்ணன் இருந்தார். நாகர்கோவில் பக்கம். நர்ஸான அவருடைய மனைவிக்கு அயர்லாந்தில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய கார் பெரிய செடான். பின் சீட்டில் மாமா காலை நீட்டி உட்கார்ந்து, பக்கத்தில் ஒரு பலாப்பழத்தையும் வைத்துக்கொள்ளலாம். செல்வி பார்த்த உடனே முடிவு செய்துவிட்டாள்.

எனக்கு மட்டும் ஒப்பவில்லை. இரண்டரை லிட்டர் எஞ்சின், நாலே சிலிண்டர்.

"இவ்ளோ பெரிய உடம்புக்கு நாலு சிலிண்டர் எப்படிப் பத்தும்? ஆறு சிலிண்டராவது வேணும்" என்றேன்.

"அப்பாவுக்குக் கால் நீட்ட இடம் பத்துதான்னு பாருங்க. சிலிண்டர நான் பாத்துக்கிடுதேன்" என்றாள் செல்வி. (சமையல் சிலிண்டர் என்று நினைத்துவிட்டாள் போல என்று சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கான விலையைப் பிறகு வட்டியோடு கட்ட வேண்டியிருந்தது.)

ஜெரால்டு அண்ணன் தங்கமான மனிதர். "தம்பி, சந்தேகமிருந்தா ஒரு நாள் எடுத்து ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டார். வேறு ஒருவரும் கேட்டிருக்கிறார், எங்களுக்காகத்தான் நிறுத்தி வைத்திருப்பதாகவும் சொன்னார். வெள்ளிக்கிழமை மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு ராஸ் அல் கைமாவுக்குக் கிளம்பினேன். அங்கே ஜெபல் ஜெய்ஸ் மலை இருக்கிறது. வளைந்து வளைந்து மேலே போகும் நல்ல ரோடு. புல்லிங் இல்லாத வண்டியின் சாயம் அங்கே வெளுத்துவிடும் என்று எல்லோருக்கும் விளக்கினேன்.

சமவெளியில் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. மாமா பின்னால் மகாராஜா மாதிரி சாய்ந்திருந்தார். அத்தை முறுக்குப் பையை மடியில் வைத்துக்கொண்டு, "இது நல்லாத்தான இருக்கு" என்றார். எனக்கு உள்ளுக்குள் சங்கடமாகிவிட்டது. நன்றாக இருந்துவிட்டால் என் நிபுணத்துவம் என்னாவது?

மலை தொடங்கியது. முதல் பெரிய மேட்டில் வண்டி லேசாக வேகம் குறைந்தது. நான் கார் ஓட்டக் கற்றது தென்காசியில், ஒரு பழைய ஜீப்பில். மேடு வந்தால் கிளட்சை மிதித்து கியரைக் குறைக்க வேண்டும் என்பது மூளைக்கு மறந்தாலும் என் இடது காலுக்கு மறக்கவில்லை. இது கிளட்சே இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டி, ஆனாலும் கால் தானாகப் போய் எதையோ மிதித்தது. 'டிக்டிக்' என்று கொஞ்சம் அமுங்கி, அப்படியே நின்றது. எங்கள் சின்ன காரில் அந்த இடத்தில் கால் வைத்துக்கொள்ள ஒரு மேடை இருக்கும். இதிலும் அதுதான், பெரிய வண்டி என்பதால் மெத்தென்று செய்திருக்கிறான் என்று நினைத்து, காலை அங்கேயே வசதியாக வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வண்டி இழுக்கவே இல்லை.

"பாத்தியா? நான் சொன்னேன்ல?" என்றேன் செல்வியிடம். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு.

'பீப் பீப்' என்று ஒரு சத்தம் வேறு. முன்னால் சிவப்பாக ஒரு விளக்கும் எரிந்தது. "அத்தை, பெல்ட் போடுங்க" என்றேன்.

"போட்டுத்தான் மாப்ள இருக்கேன்."

"சரியா மாட்டலன்னு நெனைக்கேன். கழட்டிட்டுப் போடுங்க."

அத்தை கழற்றிப் போட்டார். சத்தம் நிற்கவில்லை. மறுபடியும் கழற்றிப் போட்டார். பாவம், கடைசியில் முறுக்குப் பைக்கும் சேர்த்து பெல்ட் போட்டுக்கொண்டார்.

அடுத்து நான் ஏசியை அணைத்தேன். ஏசியை அணைத்தால் புல்லிங் கூடும் என்பது தமிழ்நாட்டு ஓட்டுநர்கள் அனைவரும் ஏற்றுக்கொண்ட உண்மை. மே மாத வெயிலில் கண்ணாடிகளை இறக்கிவிட்டு, நான்கு பேரும் அவியத் தொடங்கினோம். அப்போது ஒரு வெள்ளைக்காரர் சைக்கிளில் எங்களைத் தாண்டிப் போனார். போகும்போது மரியாதையாகக் கையசைத்தார்.

"மாப்ள, சைக்கிள்ல எத்தன சிலிண்டர்?" என்று மாமா கேட்டார். அவர் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த மாதிரிக் கேள்வியைச் சிரிக்காமல் கேட்பார்.

கொஞ்சம் மேலே, மலையைப் பார்ப்பதற்காக ஒதுக்கியிருந்த இடத்தில் வண்டியை நிறுத்தினேன். வாழ்க்கையில் நான் பேசியவற்றில் திரும்பப் பெற விரும்பும் வாக்கியம் ஒன்று உண்டென்றால், அதை அங்கேதான் பேசினேன்.

"மாமா, கொஞ்சம் இறங்கிக்கிடுதீங்களா? லோடு கொறைச்சு ஓட்டிப் பாக்கணும்."

மாமா என்னைப் பார்த்தார். "முப்பது வருசமா மத்தவன இறக்கிவிட்டவன் நான். இறங்குதேன்" என்று சொல்லி, முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அத்தையும் இறங்கினார். செல்வி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவளாகவே இறங்கிக் கதவைச் சாத்தினாள். சாத்திய சத்தம் எதிர்மலையில் பட்டுத் திரும்பி வந்தது.

தனியாக ஒரு வளைவு வரை போனேன். முக்கிக்கொண்டேதான் ஏறியது. சத்தமும் நிற்கவில்லை. திரும்பி இறக்கத்தில் வந்தேன். இறக்கத்திலும் வண்டி இறங்க மறுத்தது. இந்த இடத்திலாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நான் என்ன முடிவுக்கு வந்தேன் என்றால், இறங்கக்கூட சக்தி இல்லாத அளவுக்கு எஞ்சின் பலவீனமாகிவிட்டது.

வந்து நின்றதும் போனை எடுத்து, எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு, ஜெரால்டு அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. வண்டில புல்லிங்கே இல்ல. எஞ்சின் வேலைய முடிச்சிட்டுன்னு நெனைக்கேன்."

அந்தப் பக்கமிருந்து, "போன மாசம் இதே மலைக்கு நாங்க அஞ்சு பேரு போனோமே தம்பி" என்றார். குரல் சுருங்கிவிட்டது. அவருக்கு வலித்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. ஆனாலும் நிபுணன் பின்வாங்கலாமா? ஆறு சிலிண்டரின் மகிமையைப் பற்றி அவருக்கே பாடம் எடுக்க ஆரம்பித்தேன்.

இதற்குள் செல்வி, அப்பா அம்மாவை வெயிலிலிருந்து காப்பாற்ற, ஏசி போடலாம் என்று டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்தாள். அவளுக்கும் லைசென்ஸ் உண்டு. முதல் டெஸ்டிலேயே வாங்கினாள். (நான் எத்தனையாவது டெஸ்டில் வாங்கினேன் என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை.) கால் எட்டுவதற்காக சீட்டை முன்னால் இழுத்துக் கீழே குனிந்தவள், குனிந்தபடியே கேட்டாள்.

"என்னங்க, பார்க்கிங் பிரேக்கப் போட்டுட்டா மலை ஏறுனீங்க?"

இந்த வண்டியில் ஹேண்ட் பிரேக் என்பது இடது காலால் மிதிக்கும் பெடல். செல்வி அதை மிதித்து விட்டதும் 'டக்' என்று ஒரு சத்தம். பீப் நின்றது, சிவப்பு விளக்கும் அணைந்தது. என் கையில் ஸ்பீக்கர் மட்டும் அணையவில்லை.

"தம்பி" என்றார் ஜெரால்டு அண்ணன். "பிரேக்கப் போட்டுட்டே இவ்ளோ தூரம் ஏறிச்சா? அப்போ நான் வெலையக் கூட்டணுமே."

அத்தை முதலில் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை, முறுக்கு தின்றார். எனக்கு அந்த மலை இடிந்து மேலே விழுந்தால் தேவலை என்றிருந்தது. வண்டி வேறு ஆளுக்குப் போய்விடுமோ, மாமா மறுபடியும் ரூமிலேயே டிவி பார்க்க வேண்டுமோ என்று போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "அண்ணே, மன்னிச்சிருங்க, வண்டிய எங்களுக்கே குடுங்க" என்றேன்.

"தாறேன். ஆனா உங்களுக்கில்ல. தங்கச்சி பேருல எழுதுனா தாறேன்" என்றார்.

மேலே வரை செல்விதான் ஓட்டினாள். ஏசி முழுசாக ஓடியது. அந்தச் சைக்கிள்காரரை வழியில் தாண்டினோம். இந்த முறை மாமா கையசைத்தார். சூடு ஆறியபின் பின் பிரேக்கை கராஜில் காட்டினோம், பெரிய சேதம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். என் மானத்தைப் பார்க்கத்தான் எந்த கராஜும் இல்லை.

கார் இன்றும் செல்வியின் பெயரில்தான் ஓடுகிறது. பேப்பரில் நான் இரண்டாவது டிரைவர். மாமாவும் அத்தையும் ஒவ்வொரு வருடமும் வருகிறார்கள். மால் பார்க்கிங்கில் சின்ன ஏற்றம் வந்தாலும் பின்னாலிருந்து, "மாப்ள, நாங்க இறங்கணுமா?" என்று குரல் வரும். லிஃப்டில் நான் முதலில் ஏறினால் மாமா வெளியே நின்றுகொண்டு, "நீங்க போங்க, புல்லிங் பத்தாது" என்பார். போன முறை அவர்களை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து வெகுநேரம் கழித்து போன் வந்தது. சீட்டில் உட்கார்ந்துவிட்டார்களாம்.

"பிளேன் கெளம்பப் போவுது மாப்ள" என்றார் மாமா. "பைலட்டு தங்கமான மனுசன். இதுவரைக்கும் யாரையும் இறங்கச் சொல்லல."