புளிச்ச பானை

அமாவாசைக்கு இன்னும் இரண்டே நாள். துளசிங்கம் மறுபடியும் செம்பைத் தூக்கிக்கொண்டு தாழம்புதரைப் பார்த்து ஓடினான். விடிந்ததிலிருந்து எத்தனையாவது ஓட்டம் என்று எண்ணுவதை அவன் பெண்டாட்டி அங்காளம்மாள் எப்போதோ விட்டுவிட்டாள்.

வயிறு ஓடினால் ஓடிவிட்டுப் போகட்டும். பாடு அல்லவா வருகிறது! பழவேற்காட்டு ஏரி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில், அமாவாசை வற்றத்தில், தண்ணீர் கடலுக்கு வடியும்போது, இறால் மந்தை மந்தையாக இறங்கும். அங்கே வலை கட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் முறை உண்டு. அதுதான் பாடு. முறைக்காரன் தானே இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கயிறு பிடிக்க வேண்டும். முடியாவிட்டால் அவனுடைய ஜோடி வீட்டுக்காரன் இறங்குவான்; இறங்கியவனுக்கே இறால். இந்த அமாவாசை துளசிங்கத்தின் பாடு. அதை நம்பித்தான் மகளுக்குத் தையில் கல்யாணம் பேசியிருந்தார்கள்.

ஜோடி வீட்டுக்காரன், பக்கத்து வீட்டுப் பொன்னுரங்கம், பாவம், பிறவி வயிற்றுக்காரன். தண்ணீரில் கால் வைத்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கரையேறிவிடுவான். இத்தனை வருஷமாக அவன் பாட்டையும் சேர்த்துத் துளசிங்கமே அள்ளினான். அள்ளியது போதாதென்று, "அது வயிறா, ஓட்டைப் படகு" என்று ஊர் நடுவே உட்கார்ந்து சிரிப்பு வேறு.

அப்படிப்பட்ட துளசிங்கத்துக்கு வயிறு கெட்டது போன மாதம், ஒல்லாந்தர் கப்பலில். துணி மூட்டை ஏற்றப் போனவன், மதியம் கலயத்தைத் திறந்து பழைய சோற்றைப் பிசைந்தான். கப்பல் வைத்தியன் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏதோ சொன்னான். துபாஷி தெய்வசிகாமணி அதைத் தமிழாக்கினார்.

"அழுகுன சோறாம். இத்த துன்னா கொடல் புழுத்துப் பூடுமாம்."

கப்பலே சிரித்தது. துளசிங்கத்துக்கு மானம் போயிற்று. வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் பெண்டாட்டியிடம் பாய்ந்தான்.

"அந்தப் பானைய கொண்டுபோய்க் கொட்டு. இனிமே இந்த வூட்ல புளிச்ச நாத்தம் வரக்கூடாது."

அது அங்காளம்மாளின் தாய் வீட்டுப் பானை. அதை அவள் ஒருநாளும் வறளக் கழுவியதில்லை. நேற்றைய தண்ணீரை ஒரு கை அளவு விட்டுவைத்துத்தான் இன்றைய சோற்றைப் போடுவாள். வயிற்றுக்குப் பழகிப்போனதை நிறுத்த வேண்டாம் என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். அவன் முறைத்தான். பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

துளசிங்கம் அதோடு நின்றானா? இத்தனை காலம் தின்ற அழுக்கு உள்ளே இருக்குமே என்று கப்பல் வைத்தியனிடம் ஒரு பொடி வாங்கி விழுங்கினான். குடல் சுத்தமாயிற்று. பசி, தூக்கம் எல்லாமே அதோடு சுத்தமாகப் போயின.

போக்கை நிறுத்த மிளகு தட்டிப் போட்டுச் சாராயம் குடித்தான். அது நிறுத்திய வேகத்தில் வயிறு பறை மாதிரி விறைத்துக்கொண்டது. அதை இளக்க உள்ளூர் வைத்தியர் நேர்வாளம் கொடுத்தார். திரும்பவும் தாழம்புதர். இப்போது உடம்பெல்லாம் அரிப்பு, தலைக்குள் இடி. இருபது வருஷமாகப் போட்ட வலை முடிச்சு கைக்கு மறந்துபோயிற்று. ஒன்றுமில்லாததற்கெல்லாம் மகள்மேல் எரிந்து விழுந்தான். அந்தப் பெண் அழுதது.

கடைசியில் துபாஷியிடமே போய் நின்றான். பொடி பத்தவில்லை, இரட்டிப்பாகச் சாப்பிடு என்றார் அவர். சாப்பிட்டான், மடையன்.

அமாவாசை விடிந்தது. துளசிங்கம் கயிற்றைப் பிடித்துத் தண்ணீரில் இறங்கினான். முதல் அலை இடுப்பில் மோதியது. அவ்வளவுதான். கயிறு ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். கரையில் நின்ற ஊர் வழிவிட்டது.

புதருக்குள் குந்தியபடி மனசைத் தேற்றிக்கொண்டான். பொன்னுரங்கமாவது இறங்குவதாவது! கொஞ்சம் அடங்கியதும் தானே திரும்பிப் போய்ப் பிடித்துக்கொள்ளலாம்.

திரும்பி வந்தபோது தண்ணீரில் பொன்னுரங்கம் நின்றுகொண்டிருந்தான். கன்னம் பூசியிருந்தது. தோளில் சதை பிடித்திருந்தது. வற்றம் முடியும்வரை நட்ட கழி போல நின்றான். கூடை கூடையாக இறால் கரையேறியது. மகளின் கல்யாணம் பக்கத்து வீட்டு வாசலுக்குப் போவதைத் துளசிங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். அழுகையாக வந்தது.

இந்தப் பயல் ஏதோ பெரிய மருந்தாகப் பிடித்திருக்கிறான், நம்மிடம் மறைத்துவிட்டான் என்று தோன்றியது. வெட்கத்தை விட்டுப் பொன்னுரங்கத்தின் வீட்டுக்குப் போனான். அவன் பெண்டாட்டி முனியம்மா இறாலைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"உன் புருசனுக்கு இன்னா மருந்து குடுத்த? எங்க கெடைக்கும், சொல்லு முனியம்மா" என்று கெஞ்சினான்.

முனியம்மா கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"மருந்தா? நீ கொட்டச் சொன்னன்னு மனசு கேக்காம அண்ணி எங்ககிட்ட குடுத்துச்சே, அந்தப் பானைத் தண்ணிதாண்ணே. இன்னிக்கு உன் பாடு புடிக்கப் போவ சொல்லோ கூட எங்க வூட்டு ஆளு ரெண்டு சொம்பு குட்ச்சிட்டுத்தான் போச்சு."