மேசையில் எல்லை அழிப்பவர்கள்

எல்லை அழிப்பவர் என்றோர் இனம் ரங்கூனில் பெருகிவருகிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். க்யிம்யிண்டைங் படகுத்துறைப் பக்கம் எந்த லபெயேத் தேநீர்க் கடையில் நுழைந்தாலும், ஒரே ஒரு பால் தேநீர் வாங்கி வைத்துக்கொண்டு, கெட்டிலில் சும்மா கிடைக்கும் வெறுந்தேநீரை ஒன்பது தடவை ஊற்றிக் குடித்தபடி, சிந்தியதில் விரலைத் தொட்டு மேசைமேல் தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர் என்று கோடு கிழித்து, "இனிமே எல்லாம் ஒரே வீடு" என்று அத்தனை எல்லையையும் உள்ளங்கையால் ஒரே தேய்ப்பில் அழித்துவிட்டு, கையை இடுப்பு லொஞ்சியில் துடைத்துக்கொள்கிறாரே, அவர்தான். பத்து நாட்டு மந்திரிகள் கூடிக்கூடிப் பேசியும் முடியாத வேலை.

அவர் எதையாவது இறக்குமதி செய்ததுண்டா? ஒரு சீப்பு? கிடையாது. சுங்க அலுவலகத்தைப் பார்த்ததுண்டா? உண்டு, பஸ்ஸில் போகும்போது. ஆனால் வரி எப்போது பூஜ்யமாகும் என்று கேட்டால் பதில் தயார்: அடுத்த வருசம். தொண்ணூற்றேழில் நம் நாடு ஆசியானில் சேர்ந்ததிலிருந்து அவருக்கு அடுத்த வருசம்தான்.

எங்கள் பகுதிக்கு வாய்த்தவர் பெத்தபெருமாள். அவர் பேச்சை நம்பியவர் சந்தையில் கைலிக் கடை வைத்திருக்கும் உம்மு சல்மா. நோன்புப் பெருநாள் வியாபாரத்தில்தான் அந்த வீட்டில் வருடம் முழுக்க உலை கொதிக்க வேண்டும். சென்னைக் கைலியை நேரே தருவிக்காதீர்கள், சிங்கப்பூர் சுற்றி வந்தால் ஆசியான் சரக்காகிவிடும், வரி போச்சு என்றார் பெருமாள். நாற்பது கட்டு சிங்கப்பூர் சுற்றி வந்து இறங்கியது. துறைமுகத்தில் ஒரே கேள்வி: இது பிறந்த ஊர் எது, அதற்குச் சான்று எங்கே? சென்னையில் நெய்த கைலி எத்தனை கப்பல் மாறினாலும் சென்னைக் கைலிதான். முழு வரி. காகிதங்கள் மேசை மேசையாக நகர்ந்து முடிவதற்குள் பெருநாள் வந்து போய்விட்டது. வரி கட்டி மீட்க முடியாத கட்டுகள் அலோன் துறைமுகக் கிடங்கில் பிரிக்காமலே கிடந்தன.

சல்மா நேரே பெருமாள் உட்காரும் தேநீர்க் கடைக்கு வந்தார். பெருமாள் அசரவில்லை. பர்மிய வழக்கப்படி பெண்ணுக்கு 'மா', ஆணுக்கு 'கோ' என்ற மரியாதையும் குறையவில்லை.

"தப்பு உங்க பக்கம், மா சல்மா. எறக்கி ஏத்துனா ஆச்சா? சிங்கப்பூர்ல ஒரு மாசம் போட்டு வெச்சிருந்தா அந்த ஊர்ச் சரக்கா ஆயிருக்குமில்ல?"

சல்மா உட்காரவில்லை.

"எங்க வாப்பா பொறந்தது இந்த ஊரு. நான் பொறந்ததும் இந்த ஊரு. அம்பது வருசமா இங்கனதான் கெடக்கேன், கையில இன்னும் வெளிநாட்டுக்காரி அட்டை. கைலிக்கு மட்டும் ஒரு மாசம் போதுமா, கோ பெருமாளு?"

யாரும் சிரிக்கவில்லை. பெருமாள் மறுபடி விரலை நனைத்தார். இந்தத் தடவை சீனா.

நீங்கள் சிரித்திருப்பீர்கள். நல்லது. ஆனால் சரக்கு மாட்டிக்கொண்டது என்று வாசித்தபோதே, 'மலேசியா வழியா வந்திருந்தா தப்பிச்சிருக்குமே' என்று உங்கள் மனத்தில் ஒரு வழி ஓடியதே, அதை அந்த அம்மாவிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள். அடுத்த பெருநாளுக்கு அவர் கடையில் இன்னும் சரக்கில்லை. யார் எதைச் சொன்னாலும் கேட்கும் நிலையில் இருக்கிறார்.