ஒன்பது ஸ்பிரிங்கும் ஒரு பரீட்சையும்

நாற்காலியின் பழைய துணியை உரித்ததுமே சோபாக்காரருக்கு வியர்த்துவிட்டது. உள்ளே ஒன்பது ஸ்பிரிங்கும் ஒன்பது திசையைப் பார்த்தன.

எதிரே ஸ்டூலில், வெளிநாட்டு வேலை விசாவுக்காகத் தொழில்திறமை சோதிக்க வந்த பரிசோதகர். சோபாக்காரரின் மகள் படிவம் நிரப்பி அனுப்பி எட்டு மாதம் கழித்து வந்திருக்கிறார். இவர் 'தேர்ச்சி' என்று எழுதினால் குடும்பமே விமானம் ஏறலாம்.

"மூணு மணி நேரம். ஆரம்பிங்க."

அளவெடுப்பது, பேசுவது, வண்டியில் ஏற்றி இறக்குவது சோபாக்காரர். பின்னறையில் மனைவி 'கூடமாட ஒத்தாசை'. அப்படித்தான் ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

கயிற்றைப் போட்டு ஒரு ஸ்பிரிங்கை அழுத்தினார். பக்கத்து ஸ்பிரிங் எழுந்து நின்றது. அதை அடக்க ஓர் ஆணி அடித்தார். ஸ்பிரிங்குகளைத் தாங்கும் அடிப்பட்டை அறுந்து எல்லாமே தொங்கிவிட்டன.

"பட்டை போயிடுச்சுங்க," என்றாள் பக்கத்தில் நின்ற மனைவி.

"தெரியுது. நான் முதல்ல துணியை வெட்டிக்கறேன்."

வெட்டினார்.

"துணியில கோடு நெட்டுக்க வரணும். இது குறுக்கால வருதே," என்றாள்.

"புது மாடல்," என்றார் சோபாக்காரர். பரிசோதகர் ஏதோ குறித்துக்கொண்டார்.

அந்தப் பதற்றத்தில் துணியோடு தன் சட்டை நுனியையும் சேர்த்து நாற்காலியில் ஸ்டேப்ளர் பின் அடித்துவிட்டார். எழுந்தபோது நாற்காலியும் கூடவே எழுந்தது.

மனைவி குறடால் அவரை விடுவித்தாள். "சித்த தள்ளிக்குங்க," என்று தரையில் உட்கார்ந்தாள்.

புதுப் பட்டையை இழுத்துக் கட்டினாள். ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் உள்ளங்கையால் அமுக்கி, அது அடங்கும் இடம் அறிந்து முடிச்சுப் போட்டாள். ஒன்பதும் சொன்ன பேச்சுக் கேட்டு ஒரே மட்டத்தில் நின்றன. பாழான துணியைத் துண்டாக்கி, கோட்டோடு கோடு சேர்த்தாள். வளைந்த ஊசி முங்கி முங்கி எழுந்தது. சோபாக்காரர் கையிலிருந்த கத்தரியைக் கீழே வைக்கவும் மறந்து நின்றார். இருபது வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் இந்தக் கைகளை அவர் பார்த்ததே இல்லை.

பரிசோதகரும் ஸ்டூலை விட்டு எழுந்து வந்துவிட்டார். "ஒட்டு எங்கம்மா இருக்கு?"

"இங்கதாங்க." அவர் விரலை அங்கே வைத்துத் தடவிப் பார்த்தார். தட்டுப்படவில்லை.

விசா போனது போனதுதான் என்று சோபாக்காரருக்குப் புரிந்தது. ஆனாலும், கோயிலுக்குள் நிற்பதுபோல் மனசு நிறைந்திருந்தது.

"சார், பொய் சொல்ல வாய் வரலை," என்றார். "எனக்குப் பேசத்தான் தெரியும். தொழில்காரி இவதான்."

பரிசோதகர் படிவத்தைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"விண்ணப்பமே அவங்க பேர்லதானே வந்திருக்கு? நான் இவ்வளவு நேரமும் உங்களை எடுபிடின்னுல்ல நினைச்சுக்கிட்டு இருந்தேன்."