கலெக்டர் குட்டி போட்ட கதை

அன்று காலையும் ராஜராஜனின் செருப்பின் மேல் கலெக்டர் படுத்துக்கொண்டு எழ மறுத்தது.

"கொஞ்சம் வழி வுடுங்க சார், வயலுக்குப் போவணும்."

கலெக்டர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. அவர் வெறுங்காலோடு போனார்.

கலெக்டர் என்பது பூனை. மஞ்சள் நிறம், இடது காதில் மட்டும் கறுப்புத் திட்டு. கல்லூரியிலிருந்து வந்த மகள் கீதாஞ்சலி துப்பட்டாவில் சுற்றிக் கொண்டுவந்து, "நான் ஆவுறனோ இல்லையோ, இது கலெக்டர்" என்று பெயர் வைத்தாள். மூன்று வருடத்துக்கு முன் ஒரு காய்ச்சலில் அவள் போய்விட்டாள். அதன் பிறகு ராஜராஜனும் அவர் மனைவி அனுசுயாவும் மகளைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. பூனையைப் பற்றிப் பேசினார்கள்.

அந்த வாரம் விதைக்கடலை மூட்டையில் எலி ஓட்டை போட்டிருந்தது. ஓடுகிற எலியைத் துரத்துவது கலெக்டரின் பதவிக்குக் குறைவு. ராஜராஜன் அனுசுயாவிடம் சொல்லாமல் ஜெயங்கொண்டத்தில் எலி மருந்து கேக் வாங்கி, எலி மட்டும் நுழைகிற அளவுக்குத் துளை போட்ட டப்பாவுக்குள் வைத்தார். பூனையால் தொட முடியாது. தன் மூளையை எண்ணி அவருக்கே பெருமையாக இருந்தது.

அனுசுயா தங்கை மகள் வளைகாப்புக்குப் பூலாம்பாடி போயிருந்த நேரம் கலெக்டர் பாலைத் தொடாமல் சுருண்டது. ஈறில் ரத்தம். கூடையில் போட்டு, வண்டியில் கட்டி, கால்நடை மருத்துவமனைக்குப் பறந்தார். டாக்டர் மூடியைத் திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"எலி மருந்து கேக்கை அது தொடவே இல்லீங்களே!"

"தின்ன எலி உடனே சாவாதுங்க. ரெண்டு மூணு நாள் தள்ளாடிக்கிட்டுத் திரியும். தள்ளாடுற எலிய எந்தப் பூனை வுடும்? கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா ஊசி போட்டுப் பாத்திருக்கலாம்."

திரும்பும் வழியில் தன் முந்திரித் தோப்பிலேயே குழி வெட்டிப் புதைத்தார். மண்ணைத் தள்ளும்போதுதான் அனுசுயாவின் முகம் நினைவுக்கு வந்தது. மகள் விட்டுப்போனதில் மூச்சுள்ளது இது ஒன்றுதான். இதுவும் இல்லை என்று தெரிந்தால் அவள் உடைந்துபோவாள்.

தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்த செல்லப்பனின் கொட்டகையில் பூனைகள் நிறைய. அதில் ஒன்று அசல் மஞ்சள்.

"எலி தொல்லை தாங்கல செல்லப்பா. ஒரு பூனை குடேன்."

"தூக்கிட்டுப் போங்கண்ணே. எதுக்கு இப்புடி வேர்க்குது உங்களுக்கு?"

வீட்டில் உட்கார்ந்து அதன் இடது காதில் மனைவியின் கண் மையை அப்பினார். பூனை அவர் கையைப் பிராண்டிவிட்டு, போய்த் தலையணையில் காதைத் தேய்த்தது. தலையணை உறையைத் துவைத்தார். மை பரவி உறை முழுக்கச் சாம்பல் நிறமானது. எலி மருந்தையும் தூக்கிப் புதைத்துவிட்டார். எலிகள் நிம்மதியாகத் திரும்பி வந்தன.

அனுசுயா வந்ததும், "கலெக்டர்!" என்று கூப்பிட்டாள். பூனை திரும்பவே இல்லை.

ராஜராஜன் அவள் பையை வாங்கிக்கொண்டார்.

"வயசாவுது. காது மந்தமாயிருச்சு போல," என்றாள் அவளே.

"ஆமாமா. நானே சொல்லணும்னு இருந்தேன்."

"திட்டு வேற வெளுத்துருக்கு."

"வெயிலு."

"ஆமா, இந்த வருசம் நல்ல வெயிலு," என்று உள்ளே போய்விட்டாள்.

பாவம், எதைச் சொன்னாலும் நம்புகிறாள் என்று நினைத்துக்கொண்டார். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று பார்த்தார். அவள் பூனைக்குப் பால் ஊற்றி, "குடிங்க சார்" என்று கொஞ்சிக்கொண்டிருந்தாள். வயலுக்குக் கிளம்பிவிட்டார்.

சில வாரங்கள் போயின. கலெக்டருக்கு வயிறு வைத்தது.

"பால் ஜாஸ்தியாப் போச்சு. அளவாக் குடு," என்றார் ராஜராஜன்.

ஒரு காலை, பழைய சாக்கின் மேல் கலெக்டர் நான்கு குட்டிகளோடு படுத்திருந்தது. இத்தனை வருடம் ஆண் பூனை என்று ஊரறிய வளர்த்தது. அனுசுயா குனிந்து நெடுநேரம் பார்த்தாள்.

"நாமதான் சரியா கவனிக்கல போலருக்குங்க," என்றாள்.

"இருக்கும்," என்றார் அவர், மெல்ல.

அப்போதுதான் செல்லப்பன் மனைவி ஆண்டாயி முந்திரிப் பருப்போடு உள்ளே வந்தாள். சாக்கை எட்டிப் பார்த்தாள்.

"அட, இது எங்க கொட்டாயிப் பூனையில்ல? அண்ணன் வந்து தூக்கிட்டுப் போச்சுன்னு எங்க வூட்டுக்காரரு சொன்னாரு. அப்ப நான் குடுத்த பூனை எங்க போச்சுக்கா?"

அனுசுயா தரையைப் பார்த்தாள். ராஜராஜன் அனுசுயாவைப் பார்த்தார். ஆண்டாயி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"போன வருசம் அக்கா அழுதுகிட்டு வந்து, தான் வச்ச மருந்தத் தின்ன எலியத் தின்னு பூனை செத்துருச்சு, உங்க அண்ணனுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாருன்னு, காதுல திட்டு இருக்கறதாத் தேடித் தூக்கிட்டுப் போச்சு. இப்ப நீங்களாண்ணே? ஏங்க, உங்க வூட்டுல எலி மட்டும் சாவவே சாவாதா?"