ஒரு ஜோடி ஸ்பீக்கர், ஒரு தட்டு கீரை வடை

எனக்குக் காது கிடையாது. தலையின் இரு பக்கமும் இருக்கிறது, மூக்குக் கண்ணாடி மாட்டிக்கொள்கிறேன். சங்கீதத்துக்கு உதவுகிற காது கிடையாது என்கிறேன். மயிலாப்பூரில் பிறந்துவிட்டு இதை ஒப்புக்கொள்ள எனக்கு நாற்பது வயது ஆக வேண்டியிருந்தது.

இப்படிப்பட்டவனுக்குப் போய் மிருதங்கம் வாசிக்கிற பெண்ணை நிச்சயம் செய்தார்கள். வைதேகி என் சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான்.

"தனி ஆவர்த்தனம் ஆரம்பிச்சா எழுந்து கேன்டீனுக்குப் போறவரா நீங்க?"

பாட்டு நின்று மிருதங்கம் மட்டும் ஒலிக்கிற அந்தப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் சபாவில் பாதிப் பேர் காணாமல் போவார்கள். அந்தப் பாதிப் பேர்மீது அவளுக்கு அப்படி ஒரு கோபம். "அப்படி ஒருத்தரை நான் பண்ணிக்கறதா இல்லை. இப்பவே சொல்லிடுங்கோ" என்றாள்.

"சேச்சே! நான் கச்சேரிக்குப் போறதே தனிக்காகத்தான்" என்றேன். (வாய் அந்த வயதில் அப்படி.)

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது, அடையாறில் பார்த்து வைத்திருந்த வாடகை வீட்டுக்கு ஸ்பீக்கர் வாங்க இருவரும் தி.நகர் போனோம். இருபதாயிரத்தைத் தாண்டக் கூடாது, பாட்டும் நன்றாகக் கேட்க வேண்டும். அதற்காக இரண்டு வாரம் ஆபீஸ் வேலையை ஓரம் கட்டிவிட்டு இணையத்தில் படித்துத் தள்ளியிருந்தேன். ட்வீட்டர் என்றால் என்ன, வூஃபர் எதற்கு, பெட்டியைச் சுவரிலிருந்து எத்தனை அடி தள்ளி வைப்பது, எல்லாம் அத்துப்படி. படித்ததில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது, நமக்கு நன்றாகத் தெரிந்த பாட்டைக் கொண்டுபோய்ப் போட்டுக் கேட்க வேண்டும் என்பதுதான். வைதேகியின் போன மாதக் கச்சேரியை என் ஃபோனில் பதிந்து வைத்திருந்தேன். அதையே கொண்டுபோனேன். மாப்பிள்ளைக்கு எவ்வளவு ஆசை பார் என்று அவள் நினைப்பாள் அல்லவா?

கடைக்காரர் செல்வம் முதலில் விளக்கு மின்னும் இரண்டு பெரிய பெட்டிகளைப் போட்டுக் காட்டினார். கண்ணாடிக் கதவு அதிர்ந்தது.

"இன்னா சார், நெஞ்சுல இடிக்குதா?"

"மிருதங்கம் நெஞ்சுல இடிக்கப்படாது. ரெண்டு பக்கமும் தனித்தனியா காதுல விழணும்" என்றாள் வைதேகி.

செல்வம் அவளை மரியாதையாகப் பார்த்துவிட்டு, அலமாரியிலிருந்து சின்னதாக ஒரு ஜோடியை இறக்கினார். "அப்போ இதைக் கேளுமா. கொசு பறந்தாகூடக் காட்டிக்குடுத்துடும்."

என் பதிவைப் போட்டார். அசந்துபோனேன். ஃபோனில் வெறும் இரைச்சலாக இருந்ததற்குள் தம்புரா இருந்தது. வயலின்காரர் மூச்சு வாங்குவது கேட்டது. நடுநடுவே 'தப், தப்' என்று ஏதோ ஒரு சத்தம்.

"இது என்னது?"

"யாரோ தொடையில தாளம் போடறா."

பக்கத்துச் சீட் மாமா! எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் என்னவெல்லாம் ஒளிந்திருக்கிறதோ என்று சோபாவின் நுனிக்கு வந்துவிட்டேன். பாடகர் பாடி முடித்தார், மிருதங்கம் ஆரம்பித்தது. அதற்கு அடியில் கிசுகிசுவென்று ஏதோ பேச்சு.

"யாரோ பேசறாப்ல இருக்கே" என்றாள் வைதேகி.

"ஆமாம், யாருன்னு கேட்போம். செல்வம், கொஞ்சம் பின்னாடி போய், சவுண்டை நல்லா ஏத்துங்க!" (சொன்னவன் நானேதான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.)

ஏற்றினார். கடையின் நட்டநடுவில், எங்களுக்கு எதிரே ஆள் வந்து நிற்கிற மாதிரி, என் குரல்.

"மாமா, ஃபோனைச் செத்தப் பாத்துக்கோங்கோ. ரெக்கார்டு ஆயிண்டிருக்கு."

"பொண்ணு நன்னா வாசிக்கறாளே, உக்காந்து கேளேன்டா."

"கீரை வடை தீர்ந்துடும் மாமா."

பிறகு செருப்புச் சத்தம். மிகத் துல்லியமான செருப்புச் சத்தம்.

நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினேன். வைதேகி அதைப் பிடித்துக் கீழே இறக்கினாள். "ஓடட்டும்."

பதினோரு நிமிடம் ஓடியது. செல்வம்கூட ரிமோட்டும் கையுமாக நின்றுவிட்டார். 'அந்தக் கடைசிக் கோர்வையில மெய்சிலிர்த்துடுத்து' என்று கச்சேரி முடிந்ததும் நான் அவளிடம் புகழ்ந்திருந்த அந்தத் தனியை, அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். ஓர் இடத்தில் அவள் விரல்கள் சிரித்துக்கொண்டே ஓடுவது போலிருந்தது. கல்யாணம் நின்றுவிடுமே என்ற பயத்தைவிட, இதை விட்டுவிட்டா வடை தின்னப் போனோம் என்ற வெட்கம்தான் என்னைப் பிடுங்கித் தின்றது.

கைதட்டல் கேட்டது. மறுபடியும் செருப்புச் சத்தம். வாயில் எதையோ மொறுமொறுவென்று மென்றுகொண்டே ஒருவன் கேட்டான்: "முடிஞ்சுதா மாமா?"

செல்வம் மெல்லக் குனிந்து என் காதருகே சொன்னார்: "சார், பேசாம அந்தப் பெரிய பொட்டிய எடுத்துக்கோ. அதுல இதெல்லாம் கேக்காது."

கடை அவ்வளவு நிசப்தமாக இருந்ததால் அதுவும் அவளுக்குக் கேட்டுவிட்டது.

"இதையே பேக் பண்ணுங்கோ" என்றாள். "ஆத்துல ஒண்ணாவது உண்மை பேசட்டும்."

அவள் சொன்ன 'ஆத்துல' நானும் உண்டு என்பது, ஆட்டோ தேனாம்பேட்டை தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

பன்னிரண்டு வருடமாகிறது. ஸ்பீக்கர்கள் இன்னும் நன்றாகவே பாடுகின்றன. தனி ஆரம்பிக்குமுன் வைதேகி மேடையிலிருந்து மூன்றாவது வரிசையைப் பார்ப்பாள். நான் கையைத் தூக்கி ஆஜர் கொடுப்பேன். சூடான கீரை வடையை நான் சபாவில் பார்த்தே வருஷக்கணக்காகிறது. ஆனால் வீட்டில் எனக்கு விடுதலை கிடையாது. அவர்கள் இருவருமே காய் நறுக்கி, பாத்திரம் கழுவி, துணி மடித்து எல்லாம் முடித்த பிறகு நான் மெதுவாக எட்டிப் பார்த்தால், அந்தப் பதிவைக் கேட்டே வளர்ந்த என் ஒன்பது வயது மகள் பெற்ற அப்பனைப் பார்த்துக் கேட்கிறாள்: "முடிஞ்சுதா மாமா?"